சமர்க்கந்துத் தாயத்து

இளையோருக்கென ஆங்கிலத்தில் எழுதப்படும் மாயக் கதைகளை நாம் தேடிப் படிப்பதில்லை. ஜோனதன் ஸ்ட்ரௌட் 2003-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சமர்க்கந்தின் தாயத்து’ என்னும் நவீனத்தைக் கையிலெடுக்கச் செய்தது அதன் பெயரே. இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் அடங்கியுள்ள மண்ணின் பெயரல்லவா? ஏமாந்தோம். கதை நிகழ்வது லண்டனில்.

மந்திரவாதிகள் அரசாளும் லண்டன் அது. ஜின்களைக் கட்டி வேலை வாங்குவதன்றி அவர்களுக்குச் சொந்த ஆற்றல் ஏதுமில்லை. தன்னைப் பலர் முன்னிலையில் இழிவுபடுத்திய லவ்லேஸ் என்பவனைப் பழிவாங்க, நதானியேல் என்னும் சிறுவன் பார்டிமியஸ் என்ற ஜின்னை அழைத்து, அவனிடமுள்ள தாயத்தைத் திருடிவர ஏவுகிறான். மூன்று பாகத் தொடர் இவ்வாறு தொடங்குகிறது.

ஜின் தானே கதை சொல்லும் அத்தியாயங்களில், பக்கத்தின் அடியில் அதன் கேலிக் குறிப்புகளும் உண்டு. மதரஸாவில் மூலத்தைவிட ஓரத்து ஹாஷியாவில் மனம் பறிகொடுத்தோருக்கு இது பழகிய இன்பம். நாமும் வாய்விட்டுச் சிரித்தோம்.

ஆனால் அது தன்னை ‘ஸக்ர் அல்-ஜின்னி’ என்றும், சுலைமான் நபி (அலை) அவர்களோடு பேசியதாகவும் பெருமையடித்தபோது நெஞ்சு உறுத்தியது. அந்நபியின் மோதிரத்தை ஸக்ர் திருடியதாகச் சில தஃப்ஸீர்களில் வரும் செய்தியை, இஸ்ராயீலிய்யாத் வகையினதென இமாம் இப்னு கஸீர் (ரஹ்) சுட்டியுள்ளார்கள். நம் பிள்ளைகள் இதை அறிந்திருத்தல் வேண்டும். அரபு அறிஞர் வரிசையில் மாரிதுக்கு மேற்பட்டது இஃப்ரீத், இந்நூலில் தலைகீழ். இவை சிறு பிழைகள். பெருங்குறை வேறு. குர்ஆனைச் செவியுற்று ஈமான் கொண்ட கூட்டத்தாரை ஸூரத்துல் ஜின்னில் காண்கிறோம். இந்நூலின் ஜின்களுக்கோ ரப்பு இல்லை, வணக்கமில்லை, மறுமையில்லை. எஜமானர்மீது வெறுப்பு ஒன்றே உண்டு.

அவ்வாறாயின் தூக்கி எறியலாமே எனின், இயலவில்லை. அநியாயம் இன்னதென்று ஆசிரியர் அறிந்தவர். லவ்லேஸின் ஏவலால் சிறுவன் அடிபடும்போது குருவாகிய அண்டர்வுட் வாய்மூடி நிற்கிறார். சித்திரம் கற்பிக்கும் லூட்டியன்ஸ் அம்மையார் ஒருவரே தடுக்க முனைகிறார். அவருடைய வேலை போகிறது. முப்பதாண்டு பாடம் நடத்திய நாம் இப்பக்கத்தில் நெடுநேரம் நின்றோம். செல்வந்தர் ஒருவர் ஏழைப் பிள்ளையை ஏசியபோது நாம் கிதாபைப் புரட்டிக்கொண்டிருந்ததும் உண்டு.

அடிபட்ட அதே சிறுவன், புகையிலை டப்பாவில் காலமெல்லாம் அடைத்துவிடுவேன் என ஜின்னை மிரட்டுகிறான். படிப்பவர் மனம் அடிமையின் பக்கம் சாய்கிறது. சிஹ்ரை இங்கே எவரும் விரும்பக் கற்கமாட்டார்.

இளைய மகள் கேட்டபோது, ஜின்கள் மறைவானவற்றை அறியார் என உணர்த்தும் ஸபஉ அத்தியாய வசனங்களை (34:12–14) ஓதவைத்த பின்னரே நூலைக் கொடுத்தோம். படித்து முடித்தவள் ஜின்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அத்தா, அந்தச் சித்திர டீச்சருக்கு வேறு வேலை கிடைத்ததா?” என்றாள். அடுத்த பாகங்களை நாம் இன்னும் படிக்கவில்லை.