மட்கார்டு கழற்றிய அழகு

ஃபோர்டு கம்பெனி 1920களிலும் 30களிலும் விற்ற கார்களில் ரோட்ஸ்டர் ஏறக்குறைய அடிமட்ட விலைக்குக் கிடைத்தது. இரண்டு பேர் உட்கார ஒரு சீட்டு, மழை வந்தால் இழுத்து மூட ஒரு கான்வாஸ். கதவில் ஏற்றி இறக்கக் கண்ணாடி கிடையாது, பட்டன் போட்டு மாட்டும் திரைதான். 1932இல் வி-8 எஞ்சினோடு வந்த ரோட்ஸ்டரின் ஆரம்ப விலை 460 டாலர். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் கூரை போட்ட செடானுக்குப் போனார்கள். சில வருடங்களில் இந்தத் திறந்த வண்டிகள் பழைய இரும்புக் கடைக்கு வந்துசேர்ந்தன. அங்கிருந்து தெற்குக் கலிஃபோர்னியாவின் மெக்கானிக் பையன்கள் கைக்குப் போயின.

பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டிய இந்த மாதிரி வண்டிக்கு ஹாட் ராட் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது தீச்சுவாலை பெயின்ட்டும் குரோமியப் பளபளப்பும். அது பிற்காலச் சங்கதி. முதல் இருபது வருடங்களில் ரோட்ஸ்டர் அழகானதற்குக் காரணம், அதிலிருந்து எதையெல்லாம் கழற்றி எறிந்தார்கள் என்பதுதான். மட்கார்டு, ஹெட்லைட், பம்பர், சில நேரம் முன்கண்ணாடிகூட. எடை குறைந்தால் வேகம் கூடும். கண்ணுக்கு நன்றாக இருக்க வேண்டும் என்று யாரும் தொடங்கவில்லை. என் கனவுக் கொட்டகையில் எந்த வண்டிக்கு இடம், எதற்கு இல்லை என்று முடிவு செய்ய இந்த ஒரு அளவுகோல்தான் வைத்திருக்கிறேன்.

இந்த வண்டிகள் பிறந்த இடம் சாலை அல்ல, வறண்ட ஏரி. லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே மோஹாவி பாலைவனத்தில் மியூராக், ரோசமண்ட், எல் மிராஜ் என்று தண்ணீர் வற்றிய ஏரிப் படுகைகள் உண்டு. மைல் கணக்கில் மேடு பள்ளமில்லாத கெட்டித் தரை. சனிக்கிழமை இரவே வண்டியை ஓட்டிக்கொண்டு போவார்கள். விடிந்ததும் தேவையில்லாததைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டம். சாயங்காலம் மறுபடி மாட்டிக்கொண்டு வீடு திரும்பி, மறுநாள் அதே வண்டியில் வேலைக்குப் போவார்கள். விக் எடல்பிராக் 1941இல் தன் 1932 ரோட்ஸ்டரில் ரோசமண்டில் மணிக்கு 121 மைல், அதாவது 195 கிலோமீட்டர் வேகம் தொட்டது இந்த முறையில்தான். அவர் அப்போது ஒரு பட்டறை வைத்திருந்தவர். தன் வண்டிக்காக வடிவமைத்த இன்டேக் மேனிஃபோல்டை மற்றவர்களும் கேட்கத் தொடங்க, அதிலிருந்து ஒரு பெரிய தொழில் வளர்ந்தது.

1937இல் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவாகி இந்த ஓட்டங்களுக்கு ஒழுங்கு வந்தது. அந்தச் சங்கம் நெடுங்காலம் கூரை போட்ட கூபே வண்டிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ரோட்ஸ்டர் மீதான மோகத்தில் பாதி இந்த விதியால் வந்தது என்பது என் எண்ணம். அந்தச் சங்கத்தில் ஓட்டிய முதல் பெண் வீடா ஆர். போர்க்காலத்தில் சங்கத்தின் செய்தித்தாளை அவர்தான் நடத்தி, பல நாடுகளில் சண்டையிட்டுக்கொண்டிருந்த உறுப்பினர்களுக்கு அனுப்பிவந்தார். ஹாட் ராட் வரலாறு எழுதுகிறவர்கள் பலர் அவரை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். போர் முடிந்து திரும்பியவர்களுக்குத் திரும்பி வர ஒரு கூட்டம் மிஞ்சியிருந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

வண்டிகளுக்கு வருவோம். கொட்டகையின் முதல் வண்டி ஃபோர்டு மாடல் டி. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள் உற்பத்தியாயின. எனவே அவற்றின் உடல் எங்கும் கிடைத்தது, விலையும் சொற்பம். எட் இஸ்கெண்டேரியன் என்ற ஆர்மீனியக் குடும்பத்துப் பையன் 1924ஆம் வருடத்து டி உடல் ஒன்றை எடுத்து, அதில் ஃபோர்டு வி-8 எஞ்சினைப் பொருத்தினார். எஞ்சினுக்கு மாக்ஸி என்ற அபூர்வ வகை ஹெட்கள். அவற்றின் மூடிகளில் தன் பெயரையே வார்த்துப் போட்டுக்கொண்டார். ரேடியேட்டர் மேல் சிறகு முளைத்த மண்டையோடு. 1942இல் எல் மிராஜில் அது 120 மைல் வேகத்தில் ஓடியது.

அந்தக் காலத்தில், எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை அரைப்பதில் எட் வின்ஃபீல்டுதான் ஆசான். போருக்குப் பிறகு வேகக் கேம்களுக்குத் தட்டுப்பாடு. மாதக் கணக்கில் காத்திருக்கப் பொறுமையில்லாத இஸ்கெண்டேரியன் ஒரு கிரைண்டிங் இயந்திரத்தை வாங்கி, கேம் அரைக்கத் தோதாக அதை மாற்றிக்கொண்டார். அமெரிக்கப் பந்தய உலகம் முழுக்க அறிந்த கேம் கம்பெனி இப்படித் தொடங்கியது. தொழில் எவ்வளவு வளர்ந்தபோதும் இந்த வண்டியை மட்டும் அவர் விற்கவில்லை, புதுப்பிக்கவும் இல்லை. பெயின்ட் மங்கியது மங்கியபடி, தோல் கிழிந்தது கிழிந்தபடி இருந்தது.

1928 முதல் 1931 வரை வந்த மாடல் ஏ உடல் டி-யைவிட அகலம், வளைவுகளும் நன்றாக அமைந்தவை. இந்த உடலில் நான் கேட்கும் வண்டி பில் நீகாம்ப் கட்டிய நீல நிற 1929 ரோட்ஸ்டர். அவர் கார் ஆலையில் வேலை பார்த்த நடுவயதுக்காரர். எசெக்ஸ் காரின் சேசிஸ் மேல் ஏ உடல், பந்தய வண்டிகளுக்கு இருப்பது போலக் கூர்த்த முன்மூக்கு, அடியில் முன்னிருந்து பின்வரை மூடிய அடித்தகடு. ஓக்லண்டில் ஆல் ஸ்லோனேக்கர் நடத்திய ரோட்ஸ்டர் கண்காட்சியில், அமெரிக்காவின் மிக அழகிய ரோட்ஸ்டர் என்ற பரிசை 1950இல் முதன்முதலாக வாங்கியது இதுதான். பரிசு வாங்கிய பிறகு வண்டிக்கு உறை போட்டு மூடிவைக்கவில்லை என்பது எனக்கு முக்கியம். எல் மிராஜ் தூசியில் இறக்கி 140 மைலுக்கு மேல் விரட்டினார்கள். பின்னாளில் ஜிம் ஜேக்கப்ஸ் இதைத் தேடிப் பிடித்துச் சீர்செய்தார். இன்று லாஸ் ஏஞ்சலிஸின் பீட்டர்சன் கார் அருங்காட்சியகத்தின் சொத்து.

இன்னொரு மாடல் ஏ-யும் ஆசையைக் கிளப்புவதுதான். இஸ்கெண்டேரியனின் பள்ளிக்கூட நண்பர் ஜான் ஏதன், 1932 சேசிஸ் மேல் 1929 உடலை உட்காரவைத்துக் கட்டியது. 1957இல் வெளியான ‘லவிங் யூ’ படத்தில் எல்விஸ் பிரெஸ்லி ஓட்டிவருவது இதைத்தான். சினிமாப் புகழைத் தள்ளிவிட்டாலும், எளிமையாகக் கட்டிய நல்ல வண்டி.

ஏதன் ஏன் ஏ உடலை 1932 சேசிஸ் மேல் வைத்தார்? இந்தத் துறையின் மையமே இந்தக் கேள்வியில் இருக்கிறது. மாடல் ஏ-யின் சேசிஸை மட்கார்டுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு தகடு மூடியிருக்கும். மட்கார்டைக் கழற்றினால் உள்ளே தெரிவது வெறும் இரும்புச் சட்டம், அரைகுறையாக நிற்கும். 1932இல் ஃபோர்டு அந்தத் தகட்டை எடுத்துவிட்டு, சேசிஸ் சட்டத்தையே வெளியே தெரியும்படி விட்டது. அதன் பக்கவாட்டில் உடலின் வளைவை ஒட்டியே ஒரு வரி ஓடும்படி தகட்டை அழுத்தி உருவாக்கியது. மட்கார்டு போட்டபோது அழகு சேர்க்கச் செய்த வேலை, மட்கார்டைக் கழற்றிய பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. டியூஸ் என்று ஹாட் ராட்காரர்கள் கொண்டாடும் 1932 ஃபோர்டின் ரகசியம் எஞ்சினில் பாதி, இந்தச் சட்டத்தில் பாதி.

எஞ்சினும் லேசுப்பட்டதல்ல. அதுவரை வி-8 என்றால் காடிலாக் போன்ற பணக்கார வண்டிகளின் சொத்து. 68 வயதில் ஹென்றி ஃபோர்டு பிடிவாதமாக நின்று, எட்டு சிலிண்டரையும் ஒரே வார்ப்பில் எடுத்து மலிவு காரில் வைக்க வழி கண்டார். 1932 மார்ச் 31 அன்று கடைக்கு வந்தபோது அதன் அளவு 221 கன அங்குலம், திறன் 65 குதிரைசக்தி. வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும், மேலே இருப்பது வெறும் மூடி. அதனால் ஃப்ளாட்ஹெட் என்று பெயர். எரிந்த புகை பிளாக்கின் உள்ளேயே சுற்றி வெளியே போவதால் சீக்கிரம் சூடேறிக் கொதிக்கும். நடு இரண்டு சிலிண்டர்களுக்குச் சேர்த்து ஒரே புகைவழி. ஆனால் தட்டிக் கொட்டி மேம்படுத்த இவ்வளவு தோதான எஞ்சின் வேறில்லை. ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டலாம், கேமை மாற்றலாம், ஒன்றுக்கு இரண்டாக ஸ்ட்ரோம்பெர்க் 97 கார்புரேட்டர் வைக்கலாம். பின்னாளில் கார்வெட்டை வளர்த்தெடுத்த ஸோரா ஆர்கஸ்-டன்டோவ் இதற்காகவே ஆர்டன் என்ற புது ஹெட் செய்து விற்றார். பிரேக் மட்டும் மகா மோசம். கம்பியால் இழுபடும் பழைய முறை. ஃபோர்டு 1939இல் ஹைட்ராலிக்குக்கு மாறியதும், உடைந்த 39, 40 கார்களின் பிரேக்கைக் கழற்றி டியூஸில் மாட்டுவது வழக்கமாயிற்று. எந்த வருடத்து உதிரி எதில் சேரும் என்ற அறிவுதான் இந்தக் கலையின் இலக்கணம்.

டியூஸ்களில் இரண்டு வேண்டும். பாப் மெக்கீயின் சிவப்பு ரோட்ஸ்டர் 1948 அக்டோபரில் ‘ஹாட் ராட்’ இதழின் அட்டையில் வந்தது. ராபர்ட் பீட்டர்சன் அந்த இதழைத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத நேரம். ஹாட் ராட்காரர்களைத் தெருச்சண்டியர்கள் என்று பத்திரிகைகள் ஏசிக்கொண்டிருந்தபோது, சுத்தமாகக் கட்டிய இந்த வண்டி அந்தக் கூட்டத்துக்கு மரியாதை தேடித் தந்தது. கதவுக் கீல்கள் உள்ளே மறைந்திருக்கும், கைப்பிடி கிடையாது. பார்க்கிறவருக்கு எங்கே வேலை நடந்திருக்கிறது என்றே புரியாது. எனக்குத் தெரிந்த டிங்கர் வேலையின் உச்சம் இந்தத் தடயமின்மை. பிறகு டிக் ஸ்கிரிச்ஃபீல்டு கையில் இது மினுமினு மெட்டல்ஃப்ளேக் பெயின்ட் பூசிக்கொண்டு படங்களிலும் தொலைக்காட்சியிலும் தலைகாட்டியது. அந்தப் பெயின்ட் எனக்கு ஒப்பாது. நல்லவேளை, மறுபடி பழைய சிவப்புக்கே திரும்பிவிட்டது.

இரண்டாவது, டோன் ஸ்பென்சரின் கறுப்பு டியூஸ். மற்றவர்கள் வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்திக்கொண்டிருந்தபோது ஸ்பென்சர் உயர்த்தினார். மெக்ஸிகோவின் குறுக்கே ஓடும் கரேரா பனமெரிக்கானா பந்தயம் 1950இல் தொடங்கியது. கரடுமுரடான அந்தச் சாலையில் ஓட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். அடியில் கல் படாமல் இருக்கப் புகைக்குழாயைச் சேசிஸ் சட்டத்தைத் துளைத்து உள்ளே கொண்டுபோனார். முன்னால் ஜார்ஜ் டுவால் வடிவமைத்த, நடுவில் மடிந்து சாய்ந்த கண்ணாடி. கடைசியில் அந்தப் பந்தயத்தில் இந்த வண்டி ஓடவே இல்லை. 1954க்குப் பிறகு பந்தயமும் நின்றுபோனது. ஓடாத பந்தயத்துக்காகச் செய்த ஒவ்வொரு வேலையும் வண்டியின் முகவெட்டாக மாறிவிட்டது. 1997இல் பெபிள் பீச் பழங்கார் விழா முதன்முறையாக ஹாட் ராட்களுக்கு ஒரு பிரிவு திறந்தது. கோடீசுவரர்களின் புகாட்டிகள் நிற்கும் அந்தப் புல்வெளியில் அப்பிரிவின் முதல் பரிசு, ப்ரூஸ் மையர் சீர்செய்து கொண்டுவந்த இந்த டியூஸுக்கு. பார்க்க ஆகச் சிறந்த ரோட்ஸ்டர் எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

இனி சண்டைக்குரிய இடம். 50களின் நடுவில் ஓட்டம் பின்னுக்குப் போய்க் கண்காட்சி முன்னுக்கு வந்தது. ஃப்ரெஸ்னோவின் பிளாக்கி கெஜெயன் வண்டியின் அடிப்பாகம் முழுவதற்கும் குரோம் பூசினார். 1955 ஓக்லண்ட் பரிசை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார். அதே ஊர் ரிச்சர்ட் பீட்டர்ஸின் மாடல் ஏ பிக்கப்பை ஜார்ஜ் பேரிஸ் முத்து வெள்ளையில் இழைத்து ‘ஆலா கார்ட்’ ஆக்கினார். அது 1958, 59 என இரண்டு வருடமும் அடுத்தடுத்து பரிசு வாங்கியது. பிளாஸ்டிக் பொம்மையாகவும் விற்று ஒரு தலைமுறைப் பையன்களை வளைத்துப்போட்டது. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது நிற்பதற்காகச் செய்த வண்டி, கல்யாண மண்டபத்து வாசலில் கட்டிய யானை மாதிரி. என் கொட்டகையில் அதற்கு இடமில்லை.

நார்ம் கிராபோவ்ஸ்கியின் டி-பக்கெட் பற்றி மட்டும் மனம் இரண்டாகப் பிளக்கிறது. குட்டையான டி உடல், அதன் முன் மூடியே இல்லாமல் துருத்தி நிற்கும் காடிலாக் வி-8. 1957இல் லைஃப் இதழில் வந்தது, பிறகு ‘77 சன்செட் ஸ்ட்ரிப்’ தொடரில் கூக்கி என்ற பாத்திரத்தின் வண்டியாக நாடு முழுக்கப் பரவியது. கோமாளித்தனம்தான், ஆனால் உற்சாகமான கோமாளித்தனம். அதைப் பார்த்து ஃபைபர்கிளாஸில் வார்த்த ஆயிரக்கணக்கான நகல்களுக்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது.

அதற்குப் பிந்திய கதையை விரைவாகக் கடந்துவிடலாம். 1955இல் செவ்ரோலே கொண்டுவந்த சிறிய வி-8, எடையும் குறைவு, திறனும் அதிகம். ஃப்ளாட்ஹெட்டின் காலம் முடிந்தது. எண்பதுகளில் அலுமினியக் கட்டியைக் கடைந்து பாகங்கள் செய்யும் மோஸ்தர் வந்தது. ஒஹாயோவின் புரூக்வில் கம்பெனி ஏ உடலையும் 1932 உடலையும் புதுத் தகட்டில் அடித்துத் தருகிறது. பணம் இருந்தால் பழைய இரும்பைத் தொடாமலே ஒரு டியூஸ் கட்டிவிடலாம். தவறில்லை, அதில் எனக்கு ஆர்வமும் இல்லை.

நம் ஊரில் இதைக் கட்டி ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆகவே இந்தக் கொட்டகை காகிதத்தில்தான்.

காகிதத்திலும் ஒரே வண்டிக்குத்தான் இடம் என்றால், ஸ்பென்சரின் டியூஸை விட்டுவிட்டு இஸ்கெண்டேரியனின் டி-யை எடுப்பேன். டியூஸ் அழகில் ஒரு படி மேல். ஆனால் அது இன்று நாம் பார்ப்பது போல இருப்பதற்குப் பின்னாள் கைகள் அதைப் புதிதாக்க வேண்டியிருந்தது. டி-யில் கட்டியவரின் வேலை மட்டுமே இருக்கிறது, அதன் மேல் வேறு கை படவில்லை.