சாவி இல்லாத ட்ரெட்மில்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் உத்தனப்பள்ளி வருகிறது. ஒரு பக்கம் தக்காளித் தோட்டம். இன்னொரு பக்கம் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஷிஃப்ட் பஸ்கள். அங்கே ஒரு நண்பர் வீட்டு ஹாலில் ட்ரெட்மில் ஒன்று பார்த்தேன். கைப்பிடியில் ஒரு துண்டும் யூனிஃபார்ம் சட்டையும் காய்ந்துகொண்டிருந்தன. பெல்ட் மேல் உட்கார்ந்து அவருடைய நாலு வயசுப் பெண் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"பெங்களூர்ல ஒரு ஃபிளாட் காலி பண்ணும்போது வாங்கினேன் சார். எட்டாயிரம்தான்."

"பில் இருக்கா?"

"செகண்ட் ஹேண்டுக்கு ஏது சார் பில்?"

சட்டையில் மாட்டிக்கொள்ளும் கயிறோடு ஒரு சாவி இருக்குமே, தடுமாறி விழுந்தால் கழன்று பெல்ட்டை நிறுத்துமே, அதைக் கேட்டேன். வரும்போதே இல்லையாம். அந்த இடத்தில் ஒரு காந்தத் துண்டை ஒட்டி வைத்திருந்தார். "மெஷின் சூப்பரா ஓடுது சார்" என்றார். எனக்கு அது நிற்குமா என்பதுதான் கவலை.

காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பெலோட்டான் கம்பெனியின் 'ட்ரெட் பிளஸ்' மெஷின், பின்பக்கம் வழியாகக் குழந்தைகளை அடியில் இழுத்தது. ஒரு குழந்தை இறந்தது. 2021 ஏப்ரலில் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தபோது, கம்பெனி அதைத் தவறான தகவல் என்றது. மூன்றே வாரத்தில் மன்னிப்புக் கேட்டு, சுமார் 1,25,000 மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. தெரிந்த ஆபத்தை உடனே சொல்லாததற்கும், அதன் பின்னும் சில மெஷின்களை விநியோகித்ததற்கும் 2023-ல் சுமார் 1.9 கோடி டாலர் அபராதம்.

டம்பெல்லும் தப்பவில்லை. 2025 ஜூனில் போஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் எடை மாற்றும் டம்பெல்கள், சுமார் 38 லட்சம், திரும்பப் பெறப்பட்டன. தூக்கும்போது தட்டு கழன்று விழுகிறது. நூறு பேருக்கு மேல் காயம்.

அந்த அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள். எந்த மாடல், எத்தனை விற்றது, என்ன ஆபத்து, எத்தனை பேருக்கு அடி, நீங்கள் என்ன செய்யவேண்டும், காசு எப்படித் திரும்பும்... அத்தனையும் ஒரு பக்கத்தில். அலங்காரம் கிடையாது. நம்மூர் ட்ரெட்மிலோடு வரும் கையேட்டில் முதல் பக்கம் வாழ்த்து, கடைசிப் பக்கம் 'கம்பெனி பொறுப்பல்ல'. நடுவில் பொடி எழுத்தில் எச்சரிக்கை, அதுவும் தமிழில் இல்லை.

நம்மிடம் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20-வது பிரிவு, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும் விலையைத் திருப்பித் தரவும் உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தருகிறது. 2022-ல் அமேசான் மூலம் விற்ற தரமுத்திரை இல்லாத 2,265 பிரஷர் குக்கர்களுக்கு ஆணையம் அப்படி உத்தரவிட்டது. நிறுவனம் நீதிமன்றம் போனது.

குறை வேறு இடத்தில். உணவில் கோளாறு என்று தெரிந்தால் தயாரிப்பாளரே அதிகாரியிடம் சொல்லவேண்டும் என்கிறது 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம். வண்டிக்கும் 2019 மோட்டார் வாகனத் திருத்தத்தில் அப்படி உண்டு. ட்ரெட்மில், டம்பெல், மிக்ஸிக்கு? நுகர்வோர் சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயத்தைக் காணோம். யாருக்காவது அடிபட்டு, அவர் புகார் கொடுத்து, ஆணையம் விசாரித்து... அதுவரை பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, விலாசம். இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் செய்கிறார்கள். 2022 மார்ச்சில் புனேயில் ஒரு ஸ்கூட்டர் தீப்பிடித்ததும், அந்தத் தொகுப்பில் 1,441 வண்டிகளைப் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தார்கள். முடிந்தது, ஏனென்றால் ஒவ்வொரு வண்டிக்கும் நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு சொந்தக்காரர். பெங்களூரிலிருந்து டெம்போவில் வந்த ட்ரெட்மிலுக்கு யார் சொந்தக்காரர் என்று எந்தக் கம்பெனிக்குத் தெரியும்? நாளைக்கே அறிவிப்பு வந்தாலும் அது காலியான ஃபிளாட்டின் கதவைத்தான் தட்டும்.

இதில் நம் பங்கும் உண்டு. "பில் போட்டா ஜி.எஸ்.டி. வரும் சார்" என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிடுகிறோம். மிச்சம் பிடித்த பணத்துக்கு நம் விலாசத்தையே விற்றுவிட்டோம். பில் வாங்குங்கள். மாடல் நம்பர், சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள். கோளாறு என்றால் 1915-க்குப் போன் செய்யுங்கள். வழக்குப் போட வாங்கிய ஊருக்கு அலையவேண்டாம், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும்.

போன வாரம் நண்பரைப் போனில் பிடித்தேன்.

"ப்ளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டிப் பரண் மேல போட்டுட்டேன் சார்."

"அப்ப மெஷின்?"

"துணி காயுது."