கொடுவா துள்ளினால் கோலைத் தாழ்த்தலாமா?

காஞ்சிபுரத்துச் சுற்றுவட்டார ஏரிகளில் விராலுக்குத் தூண்டில் போட்டுப் பழகிய கை, மீன் மாட்டியதும் கோலை மேலே தூக்கும். விரால் கோரைக்குள் புகுந்துவிட்டால் மீட்பது கடினம்; அங்கே அது சரியான பழக்கம். முட்டுக்காடு கழிமுகத்தில் கொடுவாவிடம் அதையே செய்தால், மீன் நீரைவிட்டுப் பாய்ந்து, வாயை அகலத் திறந்து, தலையை உதறி முள்ளைக் கழற்றிவிடும். ஆகவே, துள்ளும்போது கோல் நுனியைத் தண்ணீரை ஒட்டித் தாழ்த்தச் சொல்கிறார்கள்.

இதில் நியாயம் உண்டு. மேல்நோக்கிய இழுப்பு மீனின் தலையையும் மேலே திருப்புகிறது. பக்கவாட்டில் தாழ்வாக இழுத்தால் தலை கீழேயே நிற்கும். பாதி எழும்பிய மீனைக்கூடச் சாய்த்துவிடலாம்.

ஆனால் தூரம் கூடக்கூட இதன் பலன் தேய்கிறது. 2 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோல் நுனியை நீர்மட்டத்துக்கு இறக்கினால், 5 மீட்டரில் நிற்கும் மீனுக்குத் தூண்டில் நரம்பின் கோணம் ஏறக்குறைய 22 பாகை மாறும். 30 மீட்டரில் மாற்றம் 4 பாகைகூட இல்லை. தொலைவில் துள்ளும் மீனிடம் உண்மையில் உதவுவது, தொய்வு விழாமல் ரீலை விரைந்து சுற்றுவதுதான்.

இழுப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அடுத்த சிக்கல். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டார்பன் மீன் துள்ளும்போது கோலை அதன் பக்கம் நீட்டி, வேண்டுமென்றே நரம்பைத் தளர்த்துகிறார்கள். 50 கிலோ உடல் இறுகிய நரம்பின்மேல் விழுந்தால் அறுந்துபோகும். இரண்டு கிலோ கொடுவாவுக்கு அந்தத் தளர்வு தப்பிக்கும் வழியாகிவிடும். பெரிய கொடுவாவுக்கோ விடாப்பிடியான இறுக்கமே ஆபத்து. தங்கூஸ் நரம்பு நீண்டு அதிர்ச்சியைத் தாங்கும். பின்னல் நூல் அநேகமாக நீளாது, முழு அதிர்ச்சியும் முள் குத்திய துளையில் இறங்கி அதை அகலமாக்கும். பின்னல் நூல் போடுபவர் ரீலின் பிடியைச் சற்றுத் தளர்த்தி வைப்பது நல்லது. கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் வெட்டும் என்பதால், முள்ளுக்கு அருகே தடித்த தங்கூஸ் கட்டாயம். இது இல்லாவிட்டால் எந்தக் கோல் நுணுக்கமும் பயன்படாது.

மீனைத் திரும்ப விடுபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கொடுவா பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் பெண்ணாகிறது. ஆகவே பெரிய மீன்கள் பெரும்பாலும் முட்டையிடுபவை. மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. பண்ணைக்குக் குஞ்சு கிடைக்கிறது என்பதற்காகக் கழிமுகத்துத் தாய்மீனின் மதிப்பு குறைந்துவிடாது. அதைத் திரும்ப விடுவதற்காக முள்ளின் பின்னோக்கிய கூர்முனையை நசுக்கிவிட்டால் வாய் கிழியாமல் கழற்றலாம். ஆனால் ஒரு கணத் தொய்விலும் அந்த முள் நழுவும். கோலைத் தாழ்த்தும் பழக்கம் மிகவும் தேவைப்படுவது அந்த நசுக்கிய முள்ளோடு, மீன் கரையை நெருங்கும் கடைசிச் சில மீட்டர்களில்தான். அதற்கு அப்பால் அதை எல்லாத் துள்ளலுக்கும் விதியாக்குவதற்கு ஆதாரம் போதாது.