42 அட்டைகள், ஒரு மேசை, மூன்று மணி நேரம்

காலநிலை மாற்றத்தை மூன்று மணி நேரத்தில் யாருக்கும் புரியவைக்க முடியும் என்று அடித்துச் சொல்வேன். ஒரு பெரிய மேசை, ஒரு கட்டு அட்டை, ஆறேழு பேர் போதும். ‘கிளைமேட் ஃப்ரெஸ்க்’ என்ற பயிலரங்கை நடத்தி முடித்துவிட்டு வீடு திரும்பும்போதெல்லாம் மனசு துள்ளிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் செட்ரிக் ரேங்கன்பாக் 2015இல் இதை உருவாக்கினார். காலநிலை அறிவியலை மதிப்பிட்டுச் சொல்ல 1988இல் அமைக்கப்பட்ட ஐபிசிசி அமைப்பின் அறிக்கைகள் ஆயிரக்கணக்கான பக்கங்கள். அவற்றின் சாரத்தை அவர் 42 அட்டைகளில் இறக்கிவிட்டார். முன்பக்கம் படமோ வரைபடமோ இருக்கும். பின்பக்கம் சில வரிகளில் விளக்கம். எது எதற்குக் காரணம், எது எதன் விளைவு என்று கூடிப் பேசி, அட்டைகளை மேசையில் அடுக்கி அம்புக்குறி போட வேண்டும். அவ்வளவுதான். இன்று 40க்கும் மேற்பட்ட மொழிகளில், உலகெங்கும் 20 லட்சத்துக்கும் அதிகமானோர் இதில் கலந்துகொண்டிருக்கிறார்கள்.

ஒருங்கிணைப்பாளருக்கு முக்கியமான நேரம் முதல் பத்து நிமிடம். வருகிறவர்கள் இன்னொரு சொற்பொழிவு என்று நினைத்துத்தான் வருவார்கள். சிலர் நோட்டுப் புத்தகத்தைக்கூடத் திறந்து வைத்திருப்பார்கள். அதை மூடச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். “நான் விஞ்ஞானி இல்லை. பாடம் எடுக்கப் போவதும் இல்லை. அட்டையில் இருப்பது விஞ்ஞானிகள் சொன்னது, மேசையில் நடக்கப்போவது நீங்கள் செய்யப்போவது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நில்லுங்கள்” என்பேன். நின்றுகொண்டு செய்வதில் ஒரு சூட்சுமம் உண்டு: உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவர் ஒதுங்கிவிடுவார். நின்றால் எல்லோர் கையும் மேசைக்கு வரும்.

பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பேன். உங்கள் பெயர், சொந்த ஊர், அந்த ஊரில் நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்த பருவம் இப்போது எப்படி மாறியிருக்கிறது? தஞ்சைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், “ஆடிப் பட்டம்னு நம்பி விதைக்க முடியலம்மா. முளைக்கிற நேரத்துல தண்ணி இல்ல, அறுக்கிற நேரத்துல மழை கொட்டுது” என்றார். அதோடு அந்த மேசையில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் செல்போனை உள்ளே வைத்துவிட்டார்கள். இந்தச் சுற்று முடிந்ததும் முதல் கட்டு அட்டைகளைக் கொடுப்பேன். ஒவ்வொருவரும் தன் அட்டையை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு என் வேலை, வாயை மூடிக்கொண்டு இருப்பது. உண்மையிலேயே கஷ்டமான வேலை அதுதான். தப்பாக வைத்த அட்டையைச் சரிசெய்யக் கை துறுதுறுக்கும். பொறுத்திருந்தால், மேசையில் இருக்கும் யாரோ ஒருவர் கண்டுபிடிப்பார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

‘கடல் பனி உருகுதல்’ என்று ஓர் அட்டை உண்டு. அதிலிருந்து ‘கடல் மட்டம் உயர்தல்’ அட்டைக்கு நேராக அம்புக்குறி போடாத மேசையை நான் பார்த்ததே இல்லை. நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். ஒரு கண்ணாடி டம்ளரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மேசை ஓரத்தில் வைத்துவிடுவேன். அரை மணி நேரம் கழித்து எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். ஓர் அலுவலகத்தில் ஒருவர், “வழியுது பாருங்க!” என்று கூவினார். பக்கத்தில் இருந்த பெண் கைக்குட்டையால் டம்ளரைத் துடைத்துவிட்டு, “வெளிய வேர்த்திருக்கு சார், உள்ள அப்படியேதான் இருக்கு” என்றார். துடைத்த இடத்தில் மறுபடி துளி கட்டியது. விளிம்பைத் தாண்டி ஒரு சொட்டுக்கூட வழியவில்லை. மிதக்கும் பனி உருகினால் மட்டம் அநேகமாக ஏறாது. நிலத்தின் மேல் இருக்கும் பனி உருகி ஓடி வந்தால்தான் ஏறும். கிரீன்லாந்தின் பனி முழுதும் உருகினால் கடல் ஏறத்தாழ 7 மீட்டர் உயரும். இந்த விளக்கத்தை நான் சொல்லவில்லை. டம்ளரைத் துடைத்த அந்தப் பெண்தான் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சொன்னார்.

கடலோரக் கிராமம் ஒன்றில் மகளிர் சுயஉதவிக் குழுவோடு நடத்தியது என் நெஞ்சில் நிற்கிறது. அட்டைகளை நானே தமிழில் விளக்கிச் சொன்னேன். பூமியில் கூடுதலாகத் தேங்கும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது என்ற அட்டை வந்ததும், மீன் விற்கும் அக்கா ஒருவர், “அப்போ கடலம்மாதான் நம்மளக் காப்பாத்திக்கிட்டு இருக்காளா?” என்று கேட்டார். நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ பாதியைக் கடலும் மரம் செடிகளும் உறிஞ்சிக்கொள்கின்றன என்ற அட்டையையும் அவரே அதன் பக்கத்தில் வைத்தார். அடுத்து வந்தது கடல் அமிலமாதல். வாயு கரைந்த தண்ணீரின் அமிலத்தன்மை கூடுகிறது; சுண்ணாம்பு ஓடு கட்டும் சிற்றுயிர்களுக்கு ஓடு கட்டுவது கடினமாகிறது; அவற்றைத் தின்று வளரும் மீன்கள் வரை பாதிப்பு போகிறது. எந்தக் கருத்தரங்கிலும் இந்த இடத்தை இவ்வளவு வேகமாகப் பிடித்தவர்களை நான் கண்டதில்லை. கடலை அறிந்தவர்கள் அவர்கள்.

படித்தவர்களைத் திகைக்கவைக்கும் அட்டை ஏரோசால். நிலக்கரியும் டீசலும் எரிக்கும்போது கிளம்பும் நுண்துகள்கள் பூமியைச் சூடாக்கும் என்றே எல்லோரும் வைப்பார்கள். மொத்தத்தில் அவை சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கின்றன. ஆனால் மூச்சுக் குழாயையும் கெடுக்கின்றன. உறைநிலம் அட்டை வந்தால் குரல்கள் தாழும்: வடதுருவத்தை ஒட்டிய அந்த நிலத்தில், இப்போது காற்றில் இருப்பதைப்போல ஏறத்தாழ இருமடங்கு கரிமம் புதைந்து கிடக்கிறது.

சென்னையில் நடத்தினால் வெள்ளம், வறட்சி, புயல் அட்டைகளுக்கு விளக்கமே வேண்டாம். 2015 டிசம்பர் என்று ஒருவர் தொடங்குவார். 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை இன்னொருவர் சொல்வார். 2023 மிக்ஜாம் புயலில் மொட்டை மாடியில் நின்றதை மூன்றாமவர் சொல்வார். அந்த இடத்தில் மட்டும் நான் வாயைத் திறப்பேன். 2015 வெள்ளத்துக்குக் காலநிலையை மட்டும் குற்றம் சாட்டிவிட முடியாது. ஏரியையும் சதுப்பு நிலத்தையும் கட்டடமாக்கிய கதையும் அதில் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் அறிவியலுக்கே துரோகம் என்பது என் கருத்து.

கடைசிக் கட்டில் பஞ்சம், இடம்பெயர்வு, போர் என்ற அட்டைகள் வரும். மனசு கனத்துப்போகும். அந்தக் கனத்தோடு யாரையும் அனுப்புவதில்லை. ஸ்கெட்ச் பேனாக்களை மேசையில் கொட்டி, அம்புக்குறிகளை அழுத்தி வரைந்து, வண்ணம் தீட்டி, தலைப்பு வைக்கச் சொல்வோம். ஐம்பது வயது மேலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டு மேகம் வரைவது அத்தனை அழகு. பிறகு ஒவ்வொருவரும் மனதில் பட்டதை ஒரு சொல்லில் சொல்ல வேண்டும். பயம், கோபம், குற்றவுணர்வு, நம்பிக்கை, எல்லாமே வரும். எதையும் மறுக்கக் கூடாது. அதன் பின்தான் என்ன செய்யலாம் என்ற பேச்சு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது என்பதை அவர்களே மேசையில் அடுக்கிப் பார்த்திருப்பதால், பிளாஸ்டிக் பையைத் தவிர்ப்போம் என்பதோடு பேச்சு நிற்காது. மின்சாரம் எதிலிருந்து வருகிறது, பேருந்து ஏன் போதவில்லை, வார்டு கவுன்சிலரிடம் என்ன கேட்பது என்று போகும்.

உங்கள் பள்ளியிலோ, அலுவலகத்திலோ, குடியிருப்போர் நலச் சங்கத்திலோ ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒருமுறை கலந்துகொள்ளுங்கள். பிடித்துப்போனால் நீங்களே பயிற்சி எடுத்து ஒருங்கிணைப்பாளராகலாம். அதற்கு அறிவியல் பட்டம் எதுவும் வேண்டாம்.