ஜோடிப் பட்டியலும் ஒரு துணைச் சார்பும்

சாவியும் மதிப்புமாகச் சேர்ந்த ஜோடிகளை ஒரு பட்டியலில் கோத்து வைத்துக்கொண்டு, வேண்டியபோது முன்னிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, முதலில் தட்டுப்படும் ஜோடியின் மதிப்பை ஏற்பது லிஸ்ப் மொழியோடு கூடவே பிறந்த சம்பிரதாயம். ஜான் மெக்கார்த்தி 1960-இல் வெளியிட்ட மூலக் கட்டுரையிலேயே இவ்வாறு தேடும் 'அசாக்' என்னும் சார்பு இடம்பெற்றுவிட்டது. தேடுவதற்கு இத்தனை புராதனமான கருவி இருக்க, ஜோடியின் மதிப்பை மாற்றுவதற்கோ, 1994-இல் நிலைபெற்ற காமன் லிஸ்ப் தரத்தில்கூடத் தனியொரு சார்பு இல்லை. முன்னால் புது ஜோடியைச் சேர்க்க 'ஏகான்ஸ்' உண்டு, அகப்பட்ட ஜோடியின் வாலில் உள்ள மதிப்பைத் திருத்தவும் வழியுண்டு. இரண்டையும் இணைப்பது எழுதுகிறவர் பாடு. ஆகவே ஒவ்வொருவரும் அந்த நாலைந்து வரிகளைத் தத்தம் போக்கில் எழுதி வருகிறார்கள். அவற்றைத் திரட்டிப் பொதுவான துணைச் சார்பொன்றாக்கிவிடலாம் என்ற யோசனையை நான் வரவேற்கிறேன். ஆயினும் 'மாற்று' என்ற ஒற்றைப் பெயரால் அதை அழைப்பது, வேறு வேறான மூன்று காரியங்களின் பேதத்தை மறைத்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

பேதம் இன்னதென்று காட்ட மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கின் சரித்திரமே போதும். சிலாங்கூரின் நிர்வாகத் தலைமையிடம் 1880-இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. 1978-இல் ஷா ஆலாம் மாநிலத் தலைநகராயிற்று. 'சிலாங்கூர்த் தலைநகர்' என்பதைச் சாவியாகக் கொண்ட பட்டியலில், முதல் வழியாக, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் புது ஜோடியைத் தலைப்பில் சேர்த்துக்கொண்டே போனால், தேடுகிறவருக்கு ஷா ஆலாம் கிடைக்கும். அதன் பின்னால் கோலாலம்பூரும் கிள்ளானும் மறைந்து கிடக்கும். பழைய பட்டியலைக் கையில் வைத்திருக்கும் வேறொரு நிரலுக்கு இதனால் எந்தப் பாதகமும் இல்லை. அது தன் காலத்துத் தலைநகரையே தொடர்ந்து காணும். ஆனால் ஜோடிகளை எண்ணி மாநிலங்களைக் கணக்கிட முற்படுகிறவர் சிலாங்கூரை மூன்று முறை எண்ணுவார். முதல் ஜோடியை நீக்கிச் சிலாங்கூரை ஒழித்துவிட்டதாக நினைப்பவருக்குக் கோலாலம்பூர் மறுபடியும் தலைகாட்டும்.

இரண்டாவது வழி, இருக்கிற ஜோடிக்குள்ளேயே மதிப்பை அழித்து எழுதுவது. இது சிக்கனமானது, வேகமானது, ஆபத்தானதும்கூட. ஒரே வாலைப் பகிர்ந்துகொள்ளும் இரு பட்டியல்களில் ஒன்று 1970-ஆம் ஆண்டின் நிலவரத்தைச் சொல்வதாக வைத்துக்கொண்டால், இன்னொன்றில் செய்த திருத்தம் அங்கும் புகுந்து, அந்த ஆண்டிலேயே ஷா ஆலாமைத் தலைநகராக்கிவிடும். நிரலுக்குள் மேற்கோள் குறியிட்டு எழுதிய மாறிலிப் பட்டியலை இப்படித் திருத்தினால் என்ன நேருமென்பதற்குத் தரம் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. மூன்றாவது வழி, மாறவேண்டிய ஜோடி வரைக்கும் பட்டியலை நகலெடுத்து, எஞ்சியதை அப்படியே ஒட்டிக்கொள்வது. இதில் அபாயமில்லை, நினைவகச் செலவு மட்டும் உண்டு, நூறு ஜோடிக்கு உட்பட்ட பட்டியலில் அந்தச் செலவைப் பொருட்படுத்த வேண்டியதுமில்லை.

ஸ்கீம் மரபினர் இந்தப் பேதத்தைப் பெயரிலேயே காட்டிவிடுகிறார்கள். சிக்கன் ஸ்கீமில் 'அலிஸ்ட்-அப்டேட்' நகலெடுக்கும். அதே பெயரின் ஈற்றில் ஆச்சரியக்குறி சேர்ந்தால் இருப்பதையே அழித்தெழுதும். படிக்கிறவருடைய கண் அந்தக் குறியில் ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணமே போதும். ஈமாக்ஸ் லிஸ்ப் வேறு பாதையில் சென்றது. அங்கே 'அலிஸ்ட்-கெட்' என்பதை 'ஸெட்எஃப்' உடன் பிரயோகித்தால், சாவி இருந்தால் அழித்தெழுதவும் இல்லாவிட்டால் தலைப்பில் சேர்க்கவும் செய்கிறது. எழுதுவதற்கு மிக்க சௌகரியம். ஆனால் பட்டியலைப் பகிர்ந்துகொண்டிருப்பவருக்கு ஒருநாள் மாற்றம் தெரிகிறது, மறுநாள் தெரியாமற் போகிறது. இரண்டில் எது நடக்குமென்று அந்த வரியைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை.

'இல்லாவிட்டால் சேர்' என்ற இந்த உபகாரத்தைச் சற்றே சந்தேகத்துடன் நோக்க வேண்டியிருக்கிறது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் பிரதான சாலை முன்பு பிரிக்பீல்ட்ஸ் சாலை. இன்று ஜாலான் துன் சம்பந்தன். சாலைப் பெயரைச் சாவியாக வைத்து விலாசங்களைத் தொகுத்திருக்கும் ஒருவர், புதுப் பெயரில் ஒரு மதிப்பை மாற்றச் சொன்னால், சார்பு அந்தச் சாவியைக் காணாமல், மௌனமாக ஒரு புது ஜோடியை உண்டாக்கி, ஒரே சாலையை இரண்டாக்கிவிடும். எழுத்துப் பிழையுள்ள சாவிக்கும் இதே கதிதான். சேர்ப்பதும் திருத்துவதும் தனித்தனியே கேட்டுப் பெறப்பட வேண்டியவை.

வெறுமையின் சங்கடம் இன்னொன்று. 1974 பிப்ரவரி 1 அன்று கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகிச் சிலாங்கூரிலிருந்து பிரிந்துவிட்டது. ஷா ஆலாம் தலைநகரானதோ நான்கு ஆண்டுகள் கழித்து. இடைக்காலத்துக்கு எதை எழுதுவதென்று தயங்கி ஒருவர் லிஸ்பின் வெறுமைக் குறியான 'நில்' என்று குறித்து வைத்தால், சாவி இருந்து மதிப்பு வெறுமையாக இருப்பதும், சாவியே இல்லாமலிருப்பதும் மதிப்பை மட்டும் கேட்பவருக்கு ஒன்றாகவே தோன்றும். பழைய மதிப்பைப் பெற்றுப் புதியதைக் கணக்கிடும் இன்னொரு சார்பையும் உள்ளீடாக ஏற்கும் வகையில், குளோஜரின் 'அப்டேட்' போல, நம் துணைச் சார்பை அமைப்போமானால் இந்தச் சங்கடம் பெருகவே செய்யும். அந்த அமைப்பு எனக்கு உகந்ததே. சாவி இல்லாதபோது வழங்கவேண்டிய ஆரம்ப மதிப்பை அழைப்பவரே சொல்லியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தோடு மட்டும்.

தமிழில் நிரலெழுதுகிறவருக்கென்றே உள்ள விஷயம் ஒன்று எஞ்சியிருக்கிறது. ஈமாக்ஸில் 'அலிஸ்ட்-கெட்' இயல்பாகக் கையாளும் ஒப்பீடு 'ஈக்யூ'. அது பொருளின் அடையாளத்தைப் பார்க்குமேயன்றிச் சரத்தின் எழுத்துகளைப் பார்க்காது. எழுத்துகளைப் பார்க்கும் 'ஈக்வல்' கூட நமக்கு முழுத் துணையாகாது. யூனிகோடில் 'கோலாலம்பூர்' என்பதன் முதலெழுத்தில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால்குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, ஒப்பீட்டுக்கு இரண்டும் வெவ்வேறு. தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறனின் நாட்டில், 2001-இல் தமிழ் இணைய மாநாடு கூடிய கோலாலம்பூரில், அந்நகரின் பெயரே பட்டியலில் இரு சாவிகளாகப் பிளந்து நிற்பது வேடிக்கைதான். ஆகையால் துணைச் சார்பு ஒப்பீட்டை இயல்பாக ஒன்றென்று வைத்துக்கொள்ளாமல் உள்ளீடாகக் கேட்டுப் பெற வேண்டும். தமிழ்ச் சாவிகளுக்கோ, சரங்களை ஒரே வடிவுக்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிடும் சார்பொன்றை அந்த இடத்தில் கொடுக்க வேண்டும்.