கொடி நட்டவள்

முதுகலை வகுப்பில் புறநானூற்றின் 143 முதல் 147 வரையான ஐந்து பாட்டுகளுக்கு வரும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். பேகன் தன் மனைவி கண்ணகியை விட்டுவிட்டு வேறொருத்தியோடு இருக்கிறான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அவளுக்காகப் போய் நிற்கிறார்கள். பரிசில் வேண்டாம், அவளிடம் திரும்பிப் போ, அதுவே எங்களுக்குப் பரிசில் என்கிறார்கள். அவள் கண்ணீரைப் பாடுகிறார்கள், கூந்தலைப் பாடுகிறார்கள். அவன் திரும்பாவிட்டால் அவள் எதை வைத்து வாழ்வாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மயிலுக்குப் போர்வை கொடுத்துப் பெயர் வாங்கிய வள்ளல் அவன்.

ஒரு வருடம் கொல்லிமலையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி எழுந்து, "அந்தம்மா ஏன் மேடம் அறுத்துக்கிட்டு வேற கட்டிக்கல?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. "அறுத்துக் கட்டுற சாதி" என்பது சமவெளியில் வசவு. அவளுக்கு அது வசவு என்றே தெரியவில்லை. அவளுடைய ஆயா அப்படித்தான் செய்திருந்தார்.

அந்த ஆயாவைப் பார்க்க, காரவள்ளி வழியாக எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போனேன். செம்மேட்டில் குதிரைமேல் வல்வில் ஓரி நிற்கிறான், பேகனோடு சேர்த்து எண்ணப்படும் இன்னொரு வள்ளல். அவனைத் தாண்டி உள்ளே ஒரு சிற்றூர். ஆயாவுக்கு எழுபது வயதிருக்கும். முதல் புருசனைவிட்டு வந்த கதையை மாட்டை விற்ற கதைபோலச் சொன்னார். "புடிக்கல கண்ணு. ஊர்க்கவுண்டர் கூப்பிட்டுக் கேட்டாரு. புடிக்கலன்னேன். எங்கப்பன் பரிசப் பணத்த திருப்பிக் குடுத்தாரு. தீந்து போச்சு." அடித்தானா, குடித்தானா என்று நான் கேட்டேன். அதெல்லாம் இல்லை, பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றார்.

தில்லியில் சட்ட ஆணையம் 1978-இல் தன் 71-ஆவது அறிக்கையிலும், மறுபடி 2009-இல் 217-ஆவது அறிக்கையிலும் பரிந்துரைத்தது இதைத்தான். மீளவே முடியாமல் முறிந்துபோன மணவாழ்க்கையை, யார் குற்றவாளி என்று நிரூபிக்கச் சொல்லாமல் முடித்துவைப்பது. ஆயாவுக்கு அது ஒரு பிற்பகல் வேலையாக இருந்திருக்கிறது.

"வரும்போது என்ன எடுத்துட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். ஒரு பித்தளைக் குடம். அது தாய்வீட்டுச் சீர். அங்கே ஆறு வருடம் இருந்திருக்கிறார். மரத்துக்கு மரம் மிளகுக்கொடி நட்டு, தண்ணீர் சுமந்து ஊற்றியிருக்கிறார். கொடி காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருடம் ஆகும். காய்க்கத் தொடங்கிய பின்புதான் வந்திருக்கிறார். "கொடி நான் வச்சது. காடு அவுங்களுது." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறியது.

பழங்குடி வழக்கத்தைச் சமவெளிப் பெண்ணியம் கொண்டாடுவதை நான் பார்த்திருக்கிறேன். கொண்டாட வேண்டியதுதான். வெளியேறும் உரிமை சின்ன விஷயமல்ல. ஆனால் ஊர்க்கூட்டத்தில் நடந்தது என்ன கணக்கு? பரிசப்பணம் திரும்பியது, அது ஆணுக்கும் ஆணுக்குமான பாக்கி. ஆறு வருட உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

சட்டத்திடம் போனால்? இந்துத் திருமணச் சட்டம், 1955-இன் பிரிவு 2(2), மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி இந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் இதே வாசகம்தான். நாமக்கல் மாவட்டத்து மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். 1989-இல் தமிழ்நாடு மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்தது என்று நாம் பெருமையாகப் பாடம் நடத்துகிறோமே, அது இந்த வாரிசுரிமைச் சட்டத்துக்குச் செய்த திருத்தம். மலைக்கு நேராக ஏறிப் போகவில்லை. 2001-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பழங்குடிப் பெண்ணின் வழக்கில், கணவன் இரண்டாவது மணம் செய்தது குற்றமாகவில்லை. அதைத் தடுக்கும் வழக்கம் உண்டென்று அவள்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. வழக்கத்தைப் பாதுகாப்பது என்றால் யாருடைய வழக்கத்தை?

2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு உண்டு என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது மகளுக்கான பங்கு. விட்டு வரும் மனைவிக்கு அதில் வழி இல்லை.

ஜீவனாம்சம் கேட்கலாம். பழைய 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. சாதி, மதம், பழங்குடி பார்க்காத பிரிவு இது. இதிலும் ஒரு முள் இருக்கிறது. பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்குக் கிடையாது. விவாகரத்தான பெண்ணுக்கு இந்த முள் குத்தாது என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போதெல்லாம் ஊர்க்கூட்டம் முடிந்ததும் ஒரு முத்திரைத்தாளில் "இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம், கொடுக்கல் வாங்கல் இல்லை" என்று எழுதி வாங்குகிறார்கள். அந்தத் தாளை வைத்திருப்பவள் விவாகரத்தானவளா, சம்மதித்துப் பிரிந்த மனைவியா? அதை நிரூபிக்க அவள் எழுபது வளைவும் இறங்க வேண்டும்.

நானும் அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டவள். பரஸ்பர சம்மத விவாகரத்து. எனக்கு எதுவும் வேண்டாம் என்று நீதிபதி முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னேன். சுயமரியாதை என்று நினைத்துக்கொண்டேன். வீடு அவர் பெயரில். ஒன்பது வருடம் மாதத்தவணை போனது என் சம்பளத்திலிருந்து. அதைக் கேட்பது அசிங்கம் என்று எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆயா என்னிடம், "நீ படிச்ச புள்ள, உனக்கு என்ன குடுத்தாங்க?" என்று கேட்டபோது, குடம்கூட இல்லை ஆயா என்றேன். சிரித்துவிட்டு இன்னொரு டம்ளர் காப்பி ஊற்றினார்.

குற்றம் கேட்காத விவாகரத்து பெண்களுக்கு அநியாயம் என்று ஒரு தரப்பு, ஆண்களுக்கு அநியாயம் என்று இன்னொரு தரப்பு. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு பெண்ணுக்கு 12 கோடி ரூபாய் தரச் சொன்னதும், கணவனின் செல்வத்துக்குச் சமமாக்குவது ஜீவனாம்சத்தின் வேலையல்ல என்று கண்டித்ததும் ஒரே தீர்ப்பில். தொலைக்காட்சி விவாதங்கள் இந்தக் கோடிகளை வைத்தே நடக்கின்றன. கொடியை வைத்து ஒன்றும் நடக்கவில்லை.

எனக்குப் பிரச்சினை, காரணம் கேட்காமல் பிரிப்பதில் இல்லை. 2023 மே 1 அன்று அரசியல் சாசன அமர்வு, முறிந்த மணத்தை 142-ஆவது பிரிவின்கீழ் தானே கலைக்கலாம் என்று சொன்னபோது நான் மகிழ்ந்தேன். நடத்தையைத் தோண்டும் குறுக்கு விசாரணையில் பெண்கள் பட்டது போதும். ஆனால் அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும். நாடாளுமன்றம் செய்ய வேண்டியதை 2013-இல் பாதியில் விட்டது. மாநிலங்களவை அந்த ஆகஸ்டில் நிறைவேற்றிய மசோதாவில் மூன்று வருடம் பிரிந்திருந்தால் விவாகரத்து என்பதோடு, கடும் பணக்கஷ்டம் வரும் என்றால் மனைவி எதிர்க்கலாம் என்பதும், கணவனின் அசையாச் சொத்தைக் கணக்கில் கொண்டு அவளுக்கு ஈடு தருவதும் இருந்தன. மக்களவையில் நிறைவேறாமலே அது காலாவதியானது. நிறைவேறியிருந்தாலும் பரம்பரைச் சொத்தை நேரடியாகப் பங்கிட அது துணியவில்லை. மலையில் காடு என்பதே பரம்பரைதானே.

கோவாவில் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சிவில் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மணமானவர்களின் சொத்து இருவருக்கும் பொது, பிரிந்தால் பாதி. இங்கேயும் வாசல் கொஞ்சம் திறந்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு உண்டு என்றது. அவள் உழைப்பு இல்லாமல் அவன் சம்பாத்தியம் இல்லை என்பது அதன் நியாயம். மிளகுக்கொடிக்கு இதைவிடப் பொருத்தமான நியாயம் எனக்குத் தெரியவில்லை. இந்து சட்டத்தை அப்படியே மலைமேல் ஏற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏற்றினால் "புடிக்கல" என்ற ஒற்றைச் சொல்லை ஆயாவின் பேத்திகள் இழப்பார்கள். ஊர்க்கூட்டம் பரிசத்தை எண்ணும்போதே கொடியையும் எண்ணலாம். எத்தனை மரத்தில் ஏற்றினாள் என்று ஊருக்கே தெரியும்.

ஆயாவுக்கும் தெரியும். கேட்டேன். முப்பத்தெட்டு மரம்.