ஒரே குழல், பல குரல்

கிழக்கு லண்டனின் டால்ஸ்டன் பகுதியில், ஆஷ்வின் தெருவில் இருக்கிறது கஃபே ஓட்டோ. 2008இல் தொடங்கிய இடம். பகலில் காபிக் கடை, இரவானால் கச்சேரிக் கூடம். உயர்ந்த மேடையெல்லாம் கிடையாது. ரசிகர்கள் உட்கார்ந்திருக்கும் அதே தரையில் நின்றுதான் கலைஞரும் வாசிக்கிறார். இவான் பார்க்கரின் சோப்ரானோ சாக்ஸபோனைக் கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பேன்.

பார்க்கர் 1944இல் பிரிஸ்டலில் பிறந்தவர். பர்மிங்காமில் தாவரவியல் படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டு இசைக்கு வந்தார். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன்தான் ஆதர்சம். ஆனால் கோல்ட்ரேனைப் போல வாசிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பார்க்கர் அந்த வரிசையில் போய் நிற்கவில்லை. மெட்டு, தாளக்கட்டு, முன்கூட்டி எழுதிய சுரம் எதுவும் இல்லாமல் அந்த நொடியில் பிறப்பதை மட்டுமே வாசிப்பது என்று 1960களின் பிற்பாதியில் லண்டனில் முடிவெடுத்த சிறு கூட்டத்தில் அவரும் ஒருவர். 1970இல் கிதார் கலைஞர் டெரக் பெய்லி, டிரம்மர் டோனி ஆக்ஸ்லி ஆகியோருடன் சேர்ந்து இன்கஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்.

குழுவோடு அவர் வாசித்ததில் நல்லவை நிறைய உண்டு. என்றாலும், என் மனம் போய் நிற்பது 1975இலிருந்து அவர் தனியாக நின்று வாசித்துவரும் சோப்ரானோவில்தான்.

நம் நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரைக் கவனித்திருப்பீர்கள். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்வார். ஆதார சுருதி அறுபடாது. பார்க்கர் கையாள்வதும் அதே மூச்சு முறைதான். ஒத்தில் அது சுருதியை அசையாமல் நிறுத்துகிறது. பார்க்கரிடம் அதன்மேல் எல்லாமே ஓயாமல் நகர்கிறது.

கிட்டத்தில் உட்கார்ந்தால் விஷயம் புரியும். விரல்கள் ஒரு சிறு வளையத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன, ஆனால் இரண்டு கைக்கும் கணக்கு வேறு. நாக்கு இன்னொரு வேகத்தில், ஊதும் வாயிலிருக்கும் ரீடைத் தட்டுகிறது. வழக்கத்தில் இல்லாத விரல்பிடிகளால் குழலுக்குள் காற்று உடைந்து, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சுரங்கள் எழும்புகின்றன. உதட்டின் அழுத்தம் இம்மி மாறினாலும் கீழ்ச்சுரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஹார்மோனிக்ஸ் என்ற மேல்சுரங்கள் துள்ளி வருகின்றன. தாழ்ந்த சுரமும் உயர்ந்த சுரமும் இப்படி மின்னல் வேகத்தில் மாறி மாறி வரும்போது, காது அவற்றை ஒரே வரிசையாக எடுத்துக்கொள்வதில்லை. தாழ்ந்தவற்றை ஒரு குரலாகவும் உயர்ந்தவற்றை வேறொரு குரலாகவும் தானே பிரித்துக் கோத்துவிடுகிறது. அதனால்தான் ஒருவர் வாசிப்பது மூன்று பேர் வாசிப்பதுபோல் கேட்கிறது. மூன்றாவது ஆளைப் பாதி உருவாக்குவது நம் காது! பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்கும் மெட்டு உங்களுக்குக் கேட்காமலே போகலாம்.

இந்த உச்சத்துச் சுரங்கள் மெல்லியவை. பெரிய அரங்கில், தூரத்தில் இருக்கும் ஸ்பீக்கர் வழியாக வந்தால் பாதி நுணுக்கம் வழியிலேயே தேய்ந்துவிடும். சின்ன அறையில் சுவரும் கண்ணாடியும் அவற்றைத் திருப்பி அனுப்புகின்றன. அறை திருப்பித் தருவதை வைத்தே வாசிப்பும் வளைந்துகொடுக்கிறது.

"எல்லாக் கச்சேரியும் ஒரே மாதிரி இருக்கிறதே" என்று இவர்மேல் ஒரு குறை சொல்வார்கள். ஒரு வகையில் சரிதான், தூரத்திலிருந்து கேட்டால் ஒரே சலசலப்பு. ஆனால் அரை நூற்றாண்டாக ஒருவர் அதே சில கூறுகளைத் தோண்டிக்கொண்டிருப்பதை நான் வறட்சியாகப் பார்க்கவில்லை. ஒரே ராகத்தை ஆயுள் முழுக்கப் பாடி, ஒவ்வொரு முறையும் அதில் புதுப் பிடி ஒன்றைக் கண்டெடுத்த வித்வான்களைக் கொண்டாடும் நமக்கு இது விளங்காத சங்கதியா?

லண்டன் போக வாய்ப்பில்லாதவர்கள் 'தி ஸ்நேக் டிசைட்ஸ்' தட்டில் தொடங்கலாம். 1986இல் ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் பால் தேவாலயத்தில் மைக்கேல் கெர்சன் பதிவுசெய்தது. கேட்பவரைச் சுற்றி நாலாபுறமும் ஒலியை எழுப்பும் ஆம்பிசோனிக்ஸ் முறையை உருவாக்கியவர்களில் கெர்சனும் ஒருவர். அந்தத் தட்டில் தேவாலயத்தின் கல்சுவரும் சேர்ந்து வாசிக்கிறது. முதல் சில நிமிடங்கள் காது திணறும். அப்போது மெட்டைத் தேட வேண்டாம். அடியில் ஓடும் கனத்த சுரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். மேலே நடப்பது தானாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும்.